என்றும், என்றென்றும், ஊழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் ஓர் அச்சகத்தில் 19 ஆண்டுகளாக மெய்ப்புப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, பதினாறாம் நாள் நினைவு அட்டை, கடைப்பலகை, கும்பாபிஷேக மடல், எப்போதாவது கல்லில் வெட்டுவதற்கான வாசகம். எந்த வேலையாக இருந்தாலும், முடிவில்லாத காலத்தைக் குறிக்கும் ஒரு சொல் அதில் எங்காவது வந்துவிடும். அந்த இடத்தில்தான் பேனா நிற்கும். ‘என்றென்றும்’ போடுவதா, ‘நித்தியம்’ போடுவதா, ‘ஊழி’ என்றால் அபசகுனமா என்று கேட்பார்கள். அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தருகிறேன்.

‘என்றும்’, ‘என்றென்றும்’ இரண்டும் ஒன்றுதானே அண்ணா? ஒரு சொல்லை எதற்கு இரண்டு முறை எழுத வேண்டும்?

அன்று, இன்று, என்று மூன்றும் ஒரே குடும்பம். அன்று என்றால் அந்த நாள், இன்று என்றால் இந்த நாள், என்று என்றால் எந்த நாள். ‘என்று வருவாய்?’ எனக் கேட்கும்போது நாளைத்தான் கேட்கிறோம். அந்தக் கேள்விச் சொல்லோடு ‘உம்’ சேர்ந்தவுடன் கேள்வி மறைந்துவிடுகிறது. ‘எங்கும்’ எல்லா இடத்தையும் வளைத்துக்கொள்வது போல ‘என்றும்’ எல்லா நாளையும் வளைத்துக்கொள்கிறது.

பொருளுக்கு ‘என்றும்’ ஒன்றே போதும். இரட்டிப்பது உணர்ச்சிக்காக. இலக்கணத்தில் இது அடுக்கு. சலசல, கலகல போலப் பிரித்தால் பொருள் தராத இரட்டைக்கிளவி அல்ல. ‘என்று’ என்பதன் ஈற்று உகரம் கெட்டு, அடுத்த ‘என்றும்’ அதன்மேல் ஏறி ‘என்றென்றும்’ ஆகிறது. ‘என்றேன்றும்’ என்று நெடிலாக எழுதிக் கொண்டுவருகிறார்கள், அது பிழை. கடைப்பலகைக்கு ‘என்றும்’ அழகு. வாழ்த்துக்கும் நினைவுக்கும் ‘என்றென்றும்’ அழகு.

‘எப்போதும்’ என்று போட்டால் என்ன குறை? அதுதானே வாயில் வருகிறது?

குறை ஒன்றும் இல்லை, அளவு வேறு. ‘போது’ சிறு பொழுது; ‘என்று’ ஒரு நாள். ‘எப்போதும் சுடச்சுட’ என்று டிபன் கடையில் எழுதினால் காலையில் போனாலும் மாலையில் போனாலும் இட்லி சூடாக இருக்கும் என்று பொருள். ‘இன்றுபோல் என்றும் வாழ்க’ என்னும்போது ஓர் ஆயுளையே வாழ்த்துகிறோம். ‘இன்றுபோல் எப்போதும் வாழ்க’ என்று சொல்லிப் பாருங்கள், இன்றுக்கு என்றுதான் இணை என்பதைக் காதே சொல்லிவிடும்.

ஒரு ‘ம்’ விட்டுப்போனால் அவ்வளவு பெரிய தவறா? படிக்கிறவர்கள் புரிந்துகொள்ள மாட்டார்களா?

பெரிய தவறுதான். என் கையால் நடந்ததைச் சொல்கிறேன். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு குடும்பத்துக்கு நினைவு அட்டை 200 அடித்தோம். ‘எங்கள் நினைவில் என்றும் வாழும் அப்பாவுக்கு’ என்பது வாசகம். மெய்ப்பில் எழுத்தளவை மாற்றியபோது வரியின் ஓரத்தில் ‘ம்’ உதிர்ந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. கட்டு பிரித்ததும் அந்த வீட்டுப் பெண் முதல் அட்டையை எடுத்து மெதுவாகப் படித்தார்: ‘எங்கள் நினைவில் என்று வாழும் அப்பாவுக்கு.’ படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்பா என்றைக்கு வாழ்வார் என்று அந்த அட்டை கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று இரவே புதிதாக அடித்துக் கொடுத்தோம். மேலே சொன்னேனே, கேள்வியை விடையாக மாற்றுவது அந்த ‘உம்’ தான். அது போனால் சொல்லின் உயிரே போய்விடுகிறது. அன்றிலிருந்து ‘என்றும்’ வரும் ஒவ்வோர் இடத்திலும் விரலை வைத்துப் படிக்கிறேன்.

‘வருவேன் என்றும் சொன்னார்’ என்கிறோமே, அதுவும் இந்த ‘என்றும்’ தானா?

இல்லை. அது ‘என்’ என்ற வினையிலிருந்து வருவது. ‘என்று சொல்லி’ என்பதில் உள்ள ‘என்று’. உருவம் ஒன்று, பிறப்பு வேறு. ‘வருவேன் என்றும் தருவேன் என்றும் சொன்னார்’ என்பதில் காலமே இல்லை. ‘என்றும் வருவேன் என்று சொன்னார்’ என்பதில் முதலில் இருப்பது நாள், பின்னால் இருப்பது கூற்று. ஒரே வரியில் இரண்டும் வந்தால் நாளைக் குறிப்பதை வினைக்கு முன்னால் தள்ளிவையுங்கள், குழப்பம் தீரும்.

‘எப்போதும் கடன் கிடையாது’ என்று கடையில் எழுதலாமா? ஒருவர் சிரித்துவிட்டுப் போனார்.

அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. எதிர்மறையோடு ‘எப்போதும்’ சேர்ந்தால் இரண்டு பொருள் வரும். ‘அவன் எப்போதும் வரமாட்டான்’ என்றால் அறவே வராதவன் என்றும் கொள்ளலாம், எல்லா நேரமும் வரமாட்டான், சில நேரம் வருவான் என்றும் கொள்ளலாம். உங்கள் பலகையைப் பார்த்தவர் இரண்டாவது பொருளைப் பிடித்துக்கொண்டு, சில சமயம் கடன் உண்டு போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். அறுதியாக மறுக்க வேண்டுமானால் ‘ஒருபோதும்’ போடுங்கள். அது எதிர்மறையோடு மட்டுமே வாழும் சொல். ‘ஒருபோதும் வருவான்’ என்று யாரும் சொல்வதில்லை.

இந்தப் பொருளில் நான் பார்த்த மிகச் சிறந்த பலகை மளிகைக் கடைகளில் தொங்கும் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’. காலத்தைக் குறிக்கும் பெரிய சொல் ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் எந்த நாளில் போய் நின்றாலும் அந்த நாள் இன்றுதான். நான்கு சொல்லில் முடிவில்லாத காலத்தை மாட்டி வைத்தவர் யாரோ, அவர் நல்ல தமிழ் எழுதியவர்.

தனித்தமிழில் வேண்டும் என்கிறார் மாப்பிள்ளை வீட்டார். நித்தியம், நிரந்தரம், சதா எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா?

எடுக்கலாம். ‘நிலையான’, ‘என்றுமுள்ள’, ‘அழியாத’, ‘நீங்காத’ என்று சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எடுப்பதற்கு முன் எதை எடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். மூன்றும் வடசொற்கள், மூன்றுக்கும் மூன்று குணம். ‘நிரந்தரம்’ என்பது ‘அந்தரம்’ இல்லாதது, அதாவது இடைவெளி விழாதது. அதனால்தான் நிரந்தர வேலை என்கிறோம். அந்த வேலை உலகம் உள்ளவரை இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. இடையில் அறுந்துபோகாது என்றுதான் பொருள்.

‘சதா’ என்றால் எப்போதும். எழுத்தில் ‘சதாகாலமும்’ என்று கம்பீரமாக வரும். வீட்டிலோ ‘சதா போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான்’ என்று சலிப்பாக வரும். பத்திரிகையில் இதைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. கொஞ்சம் அசந்தால் ‘சாதா’ என்று அச்சாகி, தோசைக் கணக்கில் சேர்ந்துவிடும்.

‘நித்தியம்’ என்றால் தினசரி என்று ஐயர் சொல்கிறார், முடிவில்லாதது என்று பாதிரியார் சொல்கிறார். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரி. கோயிலில் நித்திய பூஜை என்றால் நாள்தோறும் நடக்கும் பூஜை. ‘நித்திய கண்டம் பூரண ஆயுசு’ என்ற பழமொழியில் வருவதும் அதே பொருள்: தினம் ஒரு கண்டம், ஆனாலும் முழு ஆயுள். மழையை நம்பிக் கேழ்வரகு விதைக்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இந்தப் பழமொழியை அடிக்கடி சொல்வார்கள். நித்திய வாழ்வு, நித்திய உண்மை என்னும்போது அதே சொல் அழியாததைக் குறிக்கிறது.

இரண்டு பொருளும் கூடி நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் நித்தியகல்யாணிச் செடியைப் பாருங்கள். எங்கள் அச்சகத்தின் பின்சுவர் ஓரம் ஒன்று நிற்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. சித்திரை வெயிலிலும் இளஞ்சிவப்பில் ஐந்து இதழோடு நாலைந்து பூ இருக்கும். காலையில் கீழே உதிர்ந்து கிடக்கும், மேலே புதிது மலர்ந்திருக்கும். எந்தப் பூவும் நிலைக்கவில்லை. செடி பூக்காத நாளும் இல்லை. மடகாஸ்கரிலிருந்து வந்த இந்தச் செடியிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன. இதற்குச் சுடுகாட்டு மல்லி என்றும் ஒரு பெயர் உண்டு. முடிவில்லாமைக்கும் முடிவுக்கும் ஒரே செடியின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள் நம் மக்கள். வீட்டில் பெண் குழந்தைக்கு நித்தியா என்று பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்களிடம் தயங்காமல் வையுங்கள் என்கிறேன்.

‘ஊழி ஊழி காலம் வாழ்க’ என்று போட நினைத்தேன். ஊழி என்றால் உலகம் அழிவது, கல்யாணத்துக்குப் போடாதே என்று தாத்தா திட்டுகிறார். நிஜமா?

தாத்தா சொல்வதில் பாதி நிஜம். ஊழி என்பது மிக நீண்ட ஒரு காலம். அந்தக் காலத்துக்கு ஒரு முடிவு உண்டு. அந்த முடிவையும் ஊழி என்றே சொல்வார்கள். ஊழித்தீ, ஊழிக்காற்று, ஊழிவெள்ளம் எல்லாம் முடிவைச் சேர்ந்தவை. பாரதியார் பாட்டுக்கு ‘ஊழிக்கூத்து’ என்று பெயர் வைத்ததும் இந்த அச்சத்தை மனத்தில் வைத்துத்தான்.

ஆனால் பழைய புலவர்கள் வாழ்த்தாகவும் இதை நிறைய ஆண்டிருக்கிறார்கள். திருக்குறள் 989: ‘ஊழி பெயரினும் தாம்பெயரார் சான்றாண்மைக்கு ஆழி எனப்படு வார்.’ ஊழியே புரண்டாலும் சான்றோர் புரளமாட்டார்கள். கவனியுங்கள், ஊழி முடிந்துபோகும் என்று வள்ளுவருக்குத் தெரியும். முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றபோது அந்த முடிவையும் தாண்டி மனிதரை நிறுத்துகிறார். பரிபாடல் இரண்டாம் பாட்டு உலகம் ஒடுங்கித் தோன்றும் ஊழிகளை எண்ணப் புகுந்து, நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பேரெண்களை அடுக்குகிறது. கோடிக்கு மேல் எண்ணப் போனவர்கள் குளக்கரைப் பூக்களின் பெயரைத்தான் எண்ணுக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த வரி மிகவும் பிடிக்கும்.

ஆகவே ‘ஊழி ஊழி காலம்’ என்று இரட்டித்துப் போட்டால் வாழ்த்துதான். என்றாலும் பந்தலில் பத்திரிகையைக் கையில் வைத்திருக்கும் பத்துப் பேரில் மூன்று பேருக்கு முகம் சுளிக்கும் என்றால், அந்தச் சொல்லை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்வோம். ‘ஆயிரங்காலத்துப் பயிர்’ என்று கல்யாணத்தைச் சொல்லும் வழக்கு இருக்கிறது. எங்கள் மண்ணுக்கு அது இன்னும் நெருக்கம்.

ஊழ், ஊழி, ஊழல் மூன்றும் ஒன்றா?

ஊழ் என்பது விதி. திருக்குறளில் 38ஆம் அதிகாரம். ஊழி, மேலே சொன்னதுபோல் காலம். ஊழல் என்பது அழுகுதல், பதன்கெடுதல் என்ற பழைய பொருளிலிருந்து இன்றைய முறைகேட்டுக்கு வந்த சொல். அச்சில் ஒன்றுக்கு மற்றொன்று விழுந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

யுகம், கற்பம் எல்லாம் எத்தனை ஆண்டு?

புராணக் கணக்குப்படி கலியுகம் 4,32,000 ஆண்டு. நான்கு யுகமும் சேர்ந்த மகாயுகம் 43,20,000 ஆண்டு. அப்படி ஆயிரம் சேர்ந்தால் ஒரு கற்பம், அதாவது 432 கோடி ஆண்டு. பிரம்மாவுக்கு அது ஒரு பகல். எவ்வளவு பெரிதானாலும் இவை எண்ணி முடிக்கக்கூடியவை. ‘என்றும்’ என்ற நான்கெழுத்துச் சொல் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது.

எங்கள் பங்காளிகளிடம் உள்ள பழைய பட்டயத்தில் ‘கல்லும் காவேரியும் புல்லும் பூமியும் உள்ளவரை’ என்று இருக்கிறது. எவ்வளவு காலத்துக்கு என்று அர்த்தம்?

என்றென்றும் என்றுதான் அர்த்தம். நிலக்கொடை, கோயில் மானியம், ஊர் உடன்படிக்கை ஆகியவற்றில் வரும் வழக்கமான தொடர் இது. ‘எக்காலமும்’ என்று மொட்டையாக எழுதினால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் மனத்தில் எதுவும் நிற்காது. கல், ஆறு, புல், மண் ஆகிய நான்கும் கண் முன்னால் இருப்பவை. இவை இருக்கும்வரை இந்தச் சொல் நிற்கும் என்றால் ஆடு மேய்க்கும் பிள்ளைக்கும் புரியும்.

இந்தத் தொடரை நான் முழுதாக உணர்ந்தது ஒகேனக்கல்லில். கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. புகையும் கல் என்பதுதான் ஊர்ப்பெயர். நீர் அதிகமாக வரும் நாளில் பாறையில் மோதித் தெறிக்கும் திவலை புகையாக எழும்பிச் சட்டையை நனைக்கும். கோடையில் போனால் அதே இடத்தில் நீர் ஒடுங்கி ஓடும். ஆற்றால் குழிந்து வழவழத்த பாறை முழுதும் வெளியே தெரியும். கல்லும் காவேரியும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. பட்டயம் எழுதியவர் இரண்டையும் சேர்த்துச் சொன்னதன் அழகு அங்கே நின்றால் தெரியும்.

பட்டயத்தில் அந்தத் தொடருக்கு அடுத்த வரியையும் படியுங்கள். பெரும்பாலும் ‘இதற்கு விகாதம் செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற தோஷத்திலே போகக் கடவான்’ என்பது போல ஒரு சாபம் இருக்கும். விகாதம் என்றால் கேடு. எழுதினால் மட்டும் எதுவும் என்றென்றும் நிற்காது, யாராவது காக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கல்வெட்டில் ‘சந்திராதித்தவற்’ என்று வருகிறதே, அது என்ன? ‘சாவா மூவாப் பேராடு’ என்றும் இருக்கிறது. சாகாத ஆடு உண்டா?

சந்திரன், ஆதித்தன், அதாவது நிலவும் கதிரும் உள்ளவரை. மேலே சொன்ன கல்லும் காவேரியும் போன்றதே, அரசு மொழியில். பட்டயங்கள் மண்ணைப் பார்த்துச் சொன்னதைக் கோயில் கல்வெட்டுகள் வானத்தைப் பார்த்துச் சொல்கின்றன.

சாகாத ஆடு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முடிவில்லாத காலத்தை நம் முன்னோர் எப்படி நடைமுறையில் செய்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. சோழர் காலத்தில் கோயிலில் நந்தா விளக்கு எரிக்கக் கொடை கொடுப்பார்கள். நந்தா என்றால் அணையாத. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு, சில இடங்களில் 90. ஆடுகளை இடையர் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழடு கழியும், குட்டி பிறக்கும், மந்தையின் கணக்கு மட்டும் 96இல் நிற்கும். அதனால்தான் அந்த ஆடுகள் சாவதுமில்லை, மூப்பதுமில்லை. சாகாதது ஆடு அல்ல, ஆட்டின் எண்ணிக்கை. அதைச் சாகாமல் வைத்திருப்பது இடையரின் உழைப்பு. அவருக்குப் பிறகு அவர் மகன், பிறகு பேரன்.

சில கல்வெட்டுகளின் முடிவில் ‘இத்தர்மம் ரட்சித்தான் ஸ்ரீபாதம் என் தலைமேலன’ என்று ஒரு வரி வரும். இந்த அறத்தைக் காப்பவனின் பாதம் என் தலைமேல் என்கிறார் கொடை கொடுத்தவர். இன்னும் பிறக்காத, முகம் தெரியாத ஒருவரின் காலில் விழுகிறார் அவர். சாபத்தைவிட இந்த வரி வலிமையானது என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் காலப் பத்திரத்தில் அதெல்லாம் இல்லையே? ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்றுதானே எழுதுகிறார்கள்?

அதுவும் அதே எண்ணம்தான்; மகன், பேரன், வழிவழி என்று பொருள். ‘சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று தொடரும். நிலவும் கதிரும் போய் வம்சம் வந்திருக்கிறது.

ஆனால் ‘புத்திர’ என்றால் மகன். 1989இல் தமிழ்நாட்டில் கொண்டுவந்த சட்டத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. இப்போது பல பத்திர எழுத்தர்கள் ‘தங்களும் தங்கள் வாரிசுகளும்’ என்று எழுதுகிறார்கள். அதையே கேட்டு வாங்குங்கள். மகளை வெளியே நிறுத்தும் சொல் நமக்கு எதற்கு?

மணமகனுக்கு ‘சிரஞ்சீவி’, இறந்தவருக்கு ‘அமரர்’. இரண்டுக்கும் சாகாதவர் என்றுதானே அர்த்தம்? அப்புறம் ஏன் மாற்றிப் போடக் கூடாது?

இதைக் கேட்டவர் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி. நல்ல கேள்வி. ‘சிரம்’ என்றால் வடமொழியில் நெடுங்காலம். சிரஞ்சீவி நெடுங்காலம் வாழ்பவர். அசுவத்தாமன், மகாபலி, வியாசர், அனுமன், விபீஷணன், கிருபர், பரசுராமர் என்று ஏழு சிரஞ்சீவிகளைப் புராணம் சொல்கிறது. நம்மைவிட இளையவர்களுக்கு ஆசியாகத்தான் இதைப் போடுகிறோம். இனிமேல் வாழப்போகும் காலத்தைப் பார்த்துச் சொல்வது.

அமரர் என்றால் மரணம் இல்லாதவர், தேவர். ‘அடக்கம் அமரருள் உய்க்கும்’ என்கிறது திருக்குறள். இறந்தவர் தேவரோடு சேர்ந்துவிட்டார், இனி அவருக்கு இன்னொரு சாவு இல்லை என்பது பொருள். ஒன்று சாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது, மற்றொன்று அந்தப் பக்கம் நிற்கிறது. மாற்றினால் வீடு தாங்காது.

நாங்கள் கிறிஸ்தவர்கள். ‘நித்திய ஜீவன்’ என்று போடுவதா, ‘நிலைவாழ்வு’ என்று போடுவதா?

உங்கள் வீட்டில் எந்த வேதாகமம் படிக்கிறீர்களோ அதைப் பொறுத்தது. பழைய மொழிபெயர்ப்பில் யோவான் 3:16 ‘நித்தியஜீவன்’ என்கிறது. திருவிவிலியத்தில் ‘நிலைவாழ்வு’ என்று வருகிறது. கோவிலூர், எலத்தகிரிப் பக்கத்திலிருந்து வருகிற கத்தோலிக்கக் குடும்பங்கள் பெரும்பாலும் ‘நிலைவாழ்வு’ கேட்கிறார்கள்; ஆனாலும் இறந்தவருக்கான மன்றாட்டில் ‘நித்திய இளைப்பாற்றி’ இன்றும் அவர்கள் வாயில் இருக்கிறது. பாட்டி எந்தச் சொல்லைச் சொல்லி வேண்டினாரோ, பாட்டியின் அட்டையில் அதைப் போடுங்கள்.

படுத்திருக்கும் எட்டுப் போல ஒரு குறி இருக்கிறதே, அதைப் பத்திரிகையில் பெயர்களுக்கு நடுவில் போடலாமா?

அது கணக்கில் வரும் முடிவிலி. 1655இல் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் பயன்படுத்தியது. அதில் காலம் இல்லை, அளவுதான் இருக்கிறது. போடலாம், தவறில்லை. ஆனால் ஒரு மாமா அதைப் பார்த்து ‘எட்டாம் தேதியா?’ என்று போன் செய்வார். முகூர்த்தத் தேதிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

ஓசூரில் கடை. தெலுங்கு, கன்னடம், உருது பேசுபவர்களும் வருவார்கள். ‘என்றென்றும்’ அவர்களுக்குப் புரியுமா?

கன்னடக்காரருக்கு உடனே புரியும். அவர்கள் ‘எந்தெந்திகூ’ என்பார்கள். நம் ‘என்றென்றும்’ எப்படிக் கட்டப்பட்டதோ அதே கட்டுமானம், எந்த நாளை இரட்டித்து ‘உம்’ சேர்த்தது. தெலுங்கில் ‘எல்லப்புடு’ என்பதில் நம் ‘எல்லாப் பொழுதும்’ கேட்கிறது. உருதுவில் ‘ஹமேஷா’, அது பாரசீகத்திலிருந்து வந்தது. கிருஷ்ணகிரி, ஓசூர்ச் சந்தைகளில் இந்த நான்கையும் ஒரே காலை நேரத்தில் கேட்கலாம். பலகையில் தமிழ் இருக்கட்டும், கல்லாவில் இருப்பவர் மற்றதைச் சொல்லிக்கொள்ளட்டும்.

போனவரை ‘என்றென்றும் வாழ்க’ என்று வாழ்த்தியிருந்தோம். போய்விட்டார். அப்படி வாழ்த்தியது பொய்யாகிவிட்டதே?

இதைக் கேட்டவர் கணவரை இழந்த ஓர் அம்மா. அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன். நம் ஊர் பழைய தகடூர். இங்கே ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, உண்டவர் நெடுநாள் வாழும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்தான். ‘சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே’ என்று நெகிழ்ந்த ஔவையார், நீலமணி மிடற்று ஒருவனாகிய சிவனைப் போல ‘மன்னுக பெரும நீயே’ என்று வாழ்த்துகிறார். மன்னுதல் என்றால் நிலைத்திருத்தல். புறநானூற்றில் 91ஆம் பாட்டு.

அதே நூலில் 232ஆம் பாட்டும் ஔவையாருடையதே. அஞ்சி போரில் இறந்துவிட்டான். காலையும் மாலையும் இல்லாமல் போகட்டும், நான் வாழும் நாளும் இல்லாமல் போகட்டும் என்று அழுகிறார். நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்க்கிறார்களே, அதை அவன் ஏற்றுக்கொள்வானா என்று கேட்கிறார். வாழ்த்தியதும் அவர்தான், அழுததும் அவர்தான். முதல் பாட்டைத் திருத்தவும் இல்லை, திரும்பப் பெறவும் இல்லை. இரண்டும் இன்றும் ஒரே நூலில் நிற்கின்றன. ‘மன்னா உலகத்து மன்னுதல் குறித்தோர் தம்புகழ் நிறீஇத் தாம்மாய்ந் தனரே’ என்று அதே நூலில் வேறொரு புலவர் சொல்வதையும் அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நிலையாத உலகில் நிலைக்க நினைத்தவர்கள் புகழை நிறுத்திவிட்டுத் தாம் மறைந்தார்கள். அவர் ‘என்றென்றும்’ என்பதையே அட்டையில் போடச் சொன்னார்.

நடுகல்லில் ‘என்றென்றும்’ என்று எழுதியிருக்குமா? எங்கள் தோட்டத்து மேட்டில் ஒன்று இருக்கிறது.

நான் படித்தவரையில் எழுதியிருப்பதில்லை. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், தொறு மீட்டுப் பட்டான் இன்னான், அவன் கல் என்ற அளவில் முடியும். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் கற்களைப் போய்ப் பாருங்கள். கையில் வில்லோ வாளோ இருக்கும், எழுத்து இருந்தால் கொஞ்சமாக இருக்கும்.

உங்கள் தோட்டத்துக் கல்லுக்கு வேடியப்பன் என்று பெயர் சொல்லியிருப்பார்களே. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல நடுகற்கள் வேடியப்பனாக வழிபாட்டில் இருக்கின்றன. எழுத்தைப் படிக்க வேண்டும் என்று கல்லைச் சுரண்டாதீர்கள், சீயக்காய் போட்டுத் தேய்க்காதீர்கள். தொல்லியல் துறையினருக்குச் சொன்னால் முறையாகப் படியெடுப்பார்கள். எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்தெல்லாம் மூடிப்போயிருக்கும். யாருடைய கல் என்று உங்களுக்குத் தெரியாது, உங்கள் தாத்தாவுக்கும் தெரிந்திருக்காது. பொங்கல் வைக்கும் நாளில் உங்கள் அம்மா முதல் கரண்டியை எடுத்து அவருக்குத்தான் வைத்திருப்பார்.